கீலில் சிக்கிய முடி

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தக் கடைவீதியில் யாருக்கும் தெரியாது. போஸ்ட்மார்ட்டம் எங்கே என்று கேட்டால் போதும், மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் லேப்டாப் ரிப்பேர் கடையைக் கை காட்டிவிடுவார்கள். செத்துப்போன லேப்டாப்பைக் கொண்டுபோய் நீட்டினால் மற்ற கடைக்காரர்கள் விலை சொல்வார்கள். இவன் திறந்து பார்த்து, அது எப்படிச் செத்தது என்று முதலில் சொல்வான். "தானா போகல சார். மெத்தை மேல வச்சு வேலை பாக்குறீங்க, காத்து போற ஓட்டையை மெத்தை அடைச்சிடுது. வெந்து செத்திருக்கு." வந்தவன் திருதிருவென்று முழிப்பான். ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தபோது, "காபி கொட்டியிருக்கு, அப்புறம் யாரோ அவசரமா துணியால அமுக்கி அமுக்கித் தொடைச்சிருக்காங்க" என்று இவன் சொல்லப்போக, கடை வாசலிலேயே யார் கொட்டியது என்று சண்டை மூண்டுவிட்டது. இவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவனால் முடியாது. அது அவன் சுபாவம்.

இன்னொரு சுபாவமும் உண்டு. கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை பாகத்தைப் போட்டுவிட்டாய் என்று பழி போட்ட ஒருவனை ஒரே குத்தில் தாடை பிசகும்படி அடித்து, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் அவன். அவனைக் கட்டிக்கொண்ட புதிதிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். "தெருவுல என்ன கூத்து வேணா அடிங்க. வீட்டுக்குள்ள கை ஓங்கின அன்னிக்கு நான் பொட்டியைக் கட்டிடுவேன்." வீட்டுக்குள் அவன் கை ஒருநாளும் ஓங்கியதில்லை. அதற்கு மனைவியின் மிரட்டல் மட்டும் காரணம் இல்லை. அடி விழும் வீடு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தங்கச்சியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இவன் முன்னால் நிற்பான். முதுகில் விழுவதெல்லாம் இவனுக்கு. கட்டிலுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது அவளுக்கு.

அதனால்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவன் சொத்து பார்க்கவில்லை, சம்பளம் பார்க்கவில்லை. குரலைப் பார்த்தான். கட்டிடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அந்த ஆள் பேசினால் எதிரில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். மேலே உட்கார்ந்த கொசுவைக்கூட அடிக்காமல் ஊதி விரட்டினான். அதைப் பார்த்ததும் இவனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "பாப்பா, கண்ணை மூடிட்டு கட்டிக்கோ" என்றான். பாப்பா என்றுதான் வீட்டில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். பாப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு கட்டிக்கொண்டாள். அதன் பிறகு ஒருமுறை கையில் கட்டோடு வந்தபோது மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றாள். இன்னொரு முறை உதடு கிழிந்திருந்தது. குளியலறைக் கதவு என்றாள். லேப்டாப் சொல்லும் பொய்யெல்லாம் கண்டுபிடிக்கிறவன், தங்கச்சி சொன்ன பொய்யை அப்படியே நம்பினான்.

அந்த மாப்பிள்ளைதான் அன்று மத்தியானம் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மச்சான், காலைல இருந்து உயிரே இல்ல. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வாரன்டி முடிஞ்சுபோச்சாம். மதர்போர்டு போயிருக்கு, முழுசா மாத்தணும், போர்டு வர ரொம்ப நாளாகும்ங்கிறான். உள்ள வரைபடமெல்லாம் இருக்கு, நாளைக்குக் குடுத்தாகணும். பாப்பாதான் சொன்னா, அண்ணன்கிட்ட குடுங்க, அவன் திறந்து பாத்தா சரி பண்ணிடுவான்னு."

"பாப்பா எங்க?"

"தலைவலின்னு படுத்திருக்கா."

மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் மாப்பிள்ளை உட்கார்ந்தான். போஸ்ட்மார்ட்டம் லேப்டாப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். வெளியே பளிச்சென்று துடைத்திருந்தது. ஒரு மூலை மட்டும் உள்ளே அமுங்கியிருந்தது.

"விழுந்துச்சா?"

"லேசா. மேசைல இருந்து."

தரையில் விழுந்த மூலை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தட்டையாக நசுங்கும், கீறல் இருக்கும், தரையின் அழுக்கு அப்பியிருக்கும். இதில் கீறலே இல்லை. உருண்டையான, கெட்டியான ஏதோ ஒன்றின் மேல் முழு வேகத்தில் மோதிய பள்ளம். திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தான். பேட்டரியை எடுத்தான். சார்ஜர் சொருகும் இடத்தின் பக்கத்தில் போர்டு குறுக்கே வெடித்திருந்தது. திரையும் உடம்பும் சேரும் கீலுக்குள் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். நீளமான முடி, ஒரு கொத்து. வேரோடு வந்த முடி. பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே இடது காதுக்கு மேலே ஒரு கொத்து நரைத்துவிட்டது. கிழவி கிழவி என்று இவன்தான் அவளை ஓயாமல் கேலி செய்வான்.

போர்டைத் தூக்கினான். கீபோர்டின் முதுகில் ரத்தம் பரவிக் காய்ந்திருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் மட்டும் இன்னும் பிசுபிசுப்பு. இன்றைய ரத்தம். வெளியே துடைத்தவனுக்கு, விசைகளுக்கு நடுவே இறங்கியதைப் பற்றி நினைப்பே வரவில்லை.

மூடிய லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்து, கோடாலி வீசுவதுபோல் வீசியிருக்கிறான். மூலை காதுக்கு மேலே இறங்கியிருக்கிறது. ஒரு அடியோடு நிறுத்தவில்லை. முதல் அடியில் ரத்தம் வந்திருக்கும், அடுத்த அடியில்தான் முடி கீலுக்குள் மாட்டியிருக்கும், அதைப் பிய்த்து இழுத்திருக்கிறான். கண்ணால் பார்ப்பதுபோல் எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. எதிரே அந்த ஆள் கால்மேல் கால் போட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போஸ்ட்மார்ட்டத்தின் கை சுத்தியல் பக்கம் போனது. ஒரே அடி. மண்டை பிளந்துவிடும். அப்போதுதான் மேசை மேல் அந்த ஆள் வைத்திருந்த சாவிக்கொத்து கண்ணில் பட்டது. வீட்டுச் சாவி. வெளியே பூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

அவள் உள்ளே கிடக்கிறாள். இருக்கிறாளா, போய்விட்டாளா என்று தெரியாது. அந்த ஆளை இங்கே அடித்துப் போட்டால் கூட்டம் கூடும், போலீஸ் வரும், ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். அதுவரை அவள் தாங்குவாளா? அந்த ஆள் கிளம்பி வீட்டுக்குப் போனாலோ, மிச்சத்தையும் முடித்துவிடுவான். சுத்தியலை எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டது அவன் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை. அதற்கு அவனை நான் மெச்சுகிறேன்.

"போர்டு பக்கத்துக் கடையில குடுத்து வச்சிருக்கேன் மாப்பிள்ளை. எடுத்துட்டு வந்துடறேன். நீங்க உக்காருங்க."

பக்கத்துக் கடை வெல்டிங் பட்டறை. வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான்.

"கட்டர் மெஷினை எடு. என் வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டியை வண்டில ஏத்திக்கோ. தங்கச்சி வீட்டுப் பூட்டை அறுத்துடு. அவளைத் தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. போயிட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லு."

"என்ன ஆச்சுண்ணே?"

"போடா!"

வெல்டர் கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் போஸ்ட்மார்ட்டம் கடைக்குத் திரும்பினான். போர்டு அவன் அலமாரியிலேயே இருந்தது. திரை உடைந்த இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றியது, அதே மாடல். குனிந்து அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும் மச்சான்?"

"ஆகும்."

"அப்ப நான் வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரேன். அவளுக்கு மாத்திரை குடுக்கணும்."

"போயிட்டீங்கன்னா பாஸ்வேர்டு யார் போடுறது? வரைபடம் எல்லாம் இருக்கான்னு நீங்கதான பாக்கணும். நாளைக்கு வந்து அது காணோம் இது காணோம்னு சொன்னா நான் பொறுப்பில்ல."

வரைபடம் என்றதும் அந்த ஆள் மறுபடி உட்கார்ந்தான்.

வேலை தொடங்கியது. தங்கச்சியை அடித்தவனுக்கு அவளை அடித்த ஆயுதத்தைச் சரி செய்து கொடுக்கும் வேலை. கண் சுவர்க் கடிகாரத்திலும் செல்போனிலும் இருந்தது, காது தெருவில் இருந்தது. கை மட்டும் தன் போக்கில் போனது. எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் சுத்தம் செய்யாமல் மூடுவது அந்தக் கைக்குத் தெரியாது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தது. கீபோர்டின் முதுகைத் துடைத்தது. பிரஷ்ஷால் கீலின் சந்துகளைத் தேய்த்தது. சிவந்த பஞ்சையும் முடியையும் காலடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டது. சிப்பின் மேல் காய்ந்திருந்த, சூடு தணிக்கும் பேஸ்ட்டை வழித்துப் புதியது தடவி, ஃபேனை மாட்டி, ஒவ்வொரு கேபிளாகச் சொருகியது. தான் என்ன செய்கிறோம் என்று அவன் மனதுக்கு எட்டவே இல்லை.

"உங்க கை நடுங்குது மச்சான்."

"டீ குடிக்கல."

"பாப்பாவும் இப்படித்தான். டீ இல்லன்னா தலைவலிம்பா." மாப்பிள்ளை மெல்லச் சிரித்தான். "இப்பல்லாம் ரொம்ப எதிர்த்துப் பேசுறா மச்சான். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"சொல்றேன்" என்றான் போஸ்ட்மார்ட்டம். ஒரு திருகை முறுக்கி இறுக்கினான்.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய போர்டு ஒரே தடவையில் உயிர்பெற்றதாகச் சரித்திரமே இல்லை. அன்று பார்த்து அது முதல் அழுத்தலிலேயே எழுந்துகொண்டது. திரை இவன் பக்கம் திரும்பியிருந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. போன் இன்னும் வரவில்லை. சட்டென்று திரைக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினான்.

"வரல" என்றான். ஒரு லேப்டாப் செத்ததா பிழைத்ததா என்பதில் அவன் சொன்ன முதல் பொய்.

மாப்பிள்ளை பொறுமை இழந்து எழுந்தான். சாவிக்கொத்தைக் கையில் எடுத்தான். "சரி மச்சான், நான் போயிட்டு அப்புறமா வரேன்." இவனும் எழுந்தான். வாசலை மறித்து நின்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மெல்லிய குரல்காரனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்தது. போன் அடித்தது.

மனைவிதான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "உயிரோட இருக்கா. சமையலறையில கிடந்தா. தலையெல்லாம் ரத்தம், ஒரு காது கேக்கல போல. ஆஸ்பத்திரில உள்ள கொண்டு போயிட்டாங்க."

"பேசுறாளா?"

"ஒன்னே ஒன்னுதான் கேட்டா. அண்ணன் திறந்து பாத்துட்டானான்னு."

போனை மேசையில் வைத்தான். அந்த லேப்டாப்பை இங்கே அனுப்பியது அவள். போனைப் பிடுங்கிவிட்டான், கதவைப் பூட்டப்போகிறான், கத்தினால் யாருக்கும் கேட்காது. ரத்தம் வழிய வழியக் கிடந்துகொண்டு, அண்ணன்கிட்ட குடுங்க என்று அவனிடமே சொல்லி அனுப்பியிருக்கிறாள். போஸ்ட்மார்ட்டத்தின் கண்கள் பொங்கின. அடுத்த நொடி கை பாய்ந்துவிட்டது.

முதல் குத்து மூக்கில். எலும்பு நொறுங்கியது விரலில் தெரிந்தது. ஸ்டூல் மேல் போய்ச் சாய்ந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி குத்தினான். வாயில் குத்தினான், பல் வந்தது. விலாவில் மிதித்தான். அந்த ஆள் நல்ல உரத்த குரலில்தான் அலறினான், அவ்வளவு சத்தம் அவனுக்குள் இருந்ததே அன்றுதான் தெரிந்தது. "எந்தக் கைடா? எந்தக் கையால அடிச்ச?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்து மோதினான். மேசை கவிழ்ந்தது. ஸ்பிரிட் பாட்டில் உடைந்து குப்பைக்கூடை மேல் ஊற்றியது. அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்த ஹாட் ஏர் கன் அதன் மேல் விழுந்தது. குபுக்கென்று தீ எழுந்தது. எதிர் ஜெராக்ஸ் கடை அம்மா வாளித் தண்ணீரோடு ஓடிவந்து ஊற்றினாள். நாலு பேர் சேர்ந்து போஸ்ட்மார்ட்டத்தைப் பிடித்து இழுத்தார்கள். அவன் அப்போதும் காலால் உதைத்துக்கொண்டே இருந்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். ஒருவன் முகமெல்லாம் கிழிந்து, பல் போய், அப்போதும் மரியாதையாகப் பேசினான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா மேடம். டாக்டரைக் கூப்பிடத்தான் கிளம்பினேன், வழியில இவர்கிட்ட லேப்டாப்பைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். இவர் ஏற்கெனவே அடிதடி ஆளு மேடம், விசாரிச்சுப் பாருங்க." இன்னொருவன் கைமுட்டியெல்லாம் ரத்தத்தோடு, கண் சிவந்து, மூச்சிரைத்துக்கொண்டு நின்றான். யாரை நம்புவார்கள், நீங்களே சொல்லுங்கள்.

"சாட்சி இருக்கு மேடம்" என்றான் போஸ்ட்மார்ட்டம். "லேப்டாப்பைத் திறந்து பாருங்க. கீபோர்டுக்கு அடியில பூரா அவ ரத்தம். கீலுக்குள்ள அவ முடி. இதாலதான் அடிச்சிருக்கான்."

தீக்குத் தப்பி, கடையிலிருந்து எடுத்து வந்திருந்த லேப்டாப்பை மேசையில் வைத்தார்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொடுத்தார்கள். அவனே திறந்தான். அடிமூடியை எடுத்தான், போர்டைத் தூக்கினான்.

பளபளவென்று இருந்தது. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியது மாதிரி. ஸ்பிரிட் வாசனை குப்பென்று வந்தது. கீலின் சந்தில் தூசிகூட இல்லை.

"எங்க ரத்தம்?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

அவன் தன் கையைப் பார்த்தான். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது, பஞ்சு, பிரஷ், கூடை, தீ. "நான் தொடைச்சிட்டேன்" என்றான். "என் கையாலயே தொடைச்சிட்டேன் மேடம்." ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, கிழிந்த உதட்டைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்கத்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

இன்ஸ்பெக்டரம்மா முட்டாள் இல்லை. அமுங்கிய மூலையைக் கையால் தடவிப் பார்த்தாள். ஆனால் மூலை மேசையிலிருந்து விழுந்தும் அமுங்கலாம். "அடிபட்டவங்க சொல்லணும். அவங்க வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டா என்னால ஒன்னும் பண்ண முடியாது, உள்ள போறது நீங்கதான்" என்றாள். இதற்கு முன் இரண்டு தடவை பாப்பா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்பது அவனுக்கு நினைவு வந்தது. ஒரு கான்ஸ்டபிளோடு அவனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பாப்பாவின் தலையில் பாதியை மழித்திருந்தார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மனைவி பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் திறந்திருந்த ஒற்றைக் கண்ணில் நீர் வழிந்தது.

"தொடைச்சிட்டேம்மா" என்றான் அவன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நீ அனுப்பினதைப் பாத்தேன். பாத்துட்டு, பைத்தியக்காரன் மாதிரி நானே தொடைச்சிட்டேன். மிச்சத்தை எரிச்சிட்டேன். இப்ப ஒன்னுமே இல்ல பாப்பா."

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கேட்கும் காதை அவன் பக்கம் திருப்பினாள். "போனா போகுதுண்ணே. நான் இருக்கேன்ல."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "வழுக்கி விழுந்தீங்களா?"

"இல்ல மேடம். அவர் அடிச்சார். லேப்டாப்பால."

"இதுதான் முதல் தடவையா?"

"இல்ல."

"முதல் தடவை எப்போ?"

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய இருண்ணே" என்றாள். அவன் அசையவில்லை. இன்ஸ்பெக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காத்திருந்தாள்.

"கல்யாணம் ஆகி அண்ணன் முதல் தடவை எங்களைப் பாக்க வந்தான் மேடம். சாப்பிட்டான். ரொம்ப சந்தோஷமா இருந்தான். நீ நல்லா இருக்கடி, எனக்கு அது போதும்னு சொல்லிட்டுக் கிளம்பினான்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கதவைச் சாத்தினதும் அடிச்சார். அண்ணன் அப்ப படியிறங்கிட்டு இருந்தான். செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் கத்தியிருந்தா அவனுக்கும் கேட்டிருக்கும்."

"ஏன் கத்தல?"

"அவ்வளவு சந்தோஷமா போறானேன்னு இருந்துச்சு."

யாரையும் குத்தாமல், எதையும் உடைக்காமல், அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாப்பா அடுத்த தடவையைச் சொல்லத் தொடங்கினாள்.